அம்மையார் பார்க்காத மெஷ்ஷும் அவர் பெயரில் விழுந்த முத்திரையும்

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்!

காணாத கோணலைக் கண்டு, கண்ட கோணலைக் களைந்து, கடைசி முக்கோணம் சரியாகும் வரை கணினியை விட்டுக் கண்ணெடுக்காத காவலரே! உருகி ஓடப்போகும் பிளாஸ்டிக்கின் ஓட்டத்தை அது உருகுவதற்கு முன்பே உணர்ந்த உத்தமியே! எஃகை வெட்டுவதற்கு முன்பே, ஏமாற்றம் எந்த மூலையிலிருந்து எட்டிப்பார்க்கும் என்று எடுத்துச் சொன்ன எச்சரிக்கை மணியே! பணி ஓய்வு பெறும் இந்நாளில் உங்களுக்கு வணக்கம்.

முப்பத்தோராண்டுகளுக்கு முன், இரண்டே கணினிகளும் ஒன்றரை மின்விசிறியும் இருந்த அறைக்குள் அடியெடுத்து வைத்தீர்கள். அரை மின்விசிறி என்பது ஓடினால் ஓடும், ஓடாவிட்டால் நின்றுகொண்டு நம்மைப் பார்க்கும். வாளி மூடி முதல் வாகன விளக்கின் உறை வரை, சீப்பு முதல் சிரிஞ்சு வரை, இந்நிறுவனம் வார்த்த பொருள்களில் வலுவானவை அத்தனையும் உங்கள் விழிவழியே வந்தவை. பொறுமையில் பூமியே! பணிவில் பனித்துளியே! பார்ப்பவர் பாராட்டும் பண்பின் பெட்டகமே!

அவையோரே, இதுவரை வாசித்த பகுதி மேலாளர் பார்த்து, திருத்தி, 'பிரமாதம்' என்று ஒப்புதல் தந்தது. 'உத்தமி' என்ற சொல் அவர் சேர்த்தது. 'பொறுமையில் பூமி'யும் அவர் கைவண்ணமே. இனி வருவதை அவர் பார்க்கவில்லை. மூன்றாவது நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். எழுந்து போக விரும்பினால் கதவு திறந்துதான் இருக்கிறது.

அம்மையீர், இனிச் சிறிது நேரம் உங்கள் முகத்தைப் பார்த்து 'நீங்கள்' என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. செய்த காரியம் அப்படி. ஆகவே அவையைப் பார்த்து, 'அவர்' என்றே சொல்லிவிட்டு, பிறகு உங்களிடம் திரும்புகிறோம்.

அவரை இந்த வளாகத்தில் யாரும் அம்மையார் என்று அழைத்ததில்லை. முக்கோணக்கா என்பதுதான் பெயர். ஏன் அந்தப் பெயர் என்று தெரியாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் உறவினர்களுக்காகச் சொல்கிறோம். ஒரு பிளாஸ்டிக் பொருளுக்கு எஃகில் அச்சு வெட்டுவதற்கு முன், அந்தப் பொருளைக் கணினியில் வரைந்து, ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு முக்கோணங்களால் அதற்குத் தோல் போர்த்துவோம். அந்தத் தோலுக்குத்தான் மெஷ் என்று பெயர். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படி ஓடும், எங்கே தயங்கும், எங்கே ஆறும் என்பதையெல்லாம் கணினி அந்த முக்கோணங்களை வைத்தே கணக்கிட்டுச் சொல்லும். முக்கோணம் பொய் சொன்னால் கணினியும் பொய் சொல்லும். அதுவும் வண்ணப்படம் போட்டு, நம்பும்படியாகச் சொல்லும்.

நீண்டு மெலிந்த முக்கோணங்களை அவர் ஒட்டடைக்குச்சி என்பார். "இத்தனை ஒட்டடைக்குச்சிய வெச்சுக்கிட்டு இதுக்குப் பேரு மெஷ்ஷா? எடுத்துட்டுப் போ" என்று அவர் திருப்பி அனுப்பாத ஆள் இந்த அறையில் ஒருவரும் இல்லை. மேல்தோல் முக்கோணத்துக்கு நேர் எதிரே அடித்தோல் முக்கோணம் அமைந்தால்தான் கணினிக்கு அந்த இடத்தின் தடிமன் தெரியும். அமையாவிட்டால் அது அக்கம்பக்கத்தைப் பார்த்து உத்தேசமாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அந்த உத்தேசத்தின் மேல்தான் அவருக்குத் தீராத கோபம். மதியம் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் சோற்றோடு, மறு கையால் திரையில் முக்கோணங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த அவரை நாங்கள் கேலி செய்திருக்கிறோம். "அக்காவுக்குச் சோறு கூட மூணு மூலையாத்தான் இறங்கும்" என்போம். கேட்டுவிட்டுச் சிரிக்க மாட்டார். முறைப்பார். பனித்துளியாம், பணிவாம்! மேலாளர் அவரை ஒரு நாளாவது நேரில் பார்த்திருக்கிறாரா என்றே எங்களுக்குச் சந்தேகம்.

அவர் பார்த்துச் சரியென்றால் அறிக்கையின் அடியில் 'மெஷ் சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் ஒரு நீல முத்திரை விழும். வட்டத்துக்குள் அவர் பெயர். அந்த முத்திரை இருந்தால், அச்சு வெட்டும் டூல்ரூமில் மறுபேச்சுப் பேசாமல் எஃகை இயந்திரத்தில் ஏற்றுவார்கள். முதலில் அவரே குத்தினார். பிறகு வேலை மலையாகக் குவிந்தபோது, "நான் பாத்து சரின்னு சொன்னா நீங்களே எடுத்துக் குத்திக்குங்க" என்று மேசையின் மேலறையைப் பூட்டாமல் விட்டார். எங்களை நம்பித்தான் விட்டார். அந்த நம்பிக்கையை நாங்கள் மெல்ல மெல்ல அரித்தோம். முதலில் அவர் பார்த்ததற்குக் குத்தினோம். அடுத்து, அவர் பார்த்தால் எப்படியும் சரியென்பார் என்று நாங்களே முடிவுகட்டிய சில்லறை வேலைகளுக்குக் குத்தினோம். பின்னர் அவசரமென்றால் குத்தினோம். இந்த அறையில் எது அவசரமில்லை? "அக்கா பாத்த மாதிரிதான்" என்பது எங்கள் பழமொழியே ஆகிவிட்டது. அந்த மாதிரியில் அழிந்தது யாருடைய பெயர் என்று எவனும் யோசிக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு குழந்தைகள் கார் இருக்கைக்கான பூட்டுக் கொக்கி ஒன்று வேலைக்கு வந்தது. பட்டையை இழுத்துப் பூட்டினால் குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி அது. அதன் அடிவாரத்தில், வளைந்து கொடுப்பதற்காக, தடிமன் முக்கால் மில்லிமீட்டராகக் குறையும்படி, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அந்த வாரம் முக்கோணக்கா மூன்று நாள் விடுப்பில் இருந்தார். அவர் கணவருக்கு வலக்கண்ணில் அறுவை. இரண்டு மணிக்கொரு முறை மருந்து ஊற்ற வேண்டும். வாடிக்கையாளர் நெருக்கினார். மேலாளர் எங்களில் ஒருவனை அழைத்தார். எந்த முக்கோணத்தின் மூலைப்புள்ளியைக் கண்டாலும் பக்கத்துப் புள்ளியோடு ஒட்டிவிடும் வழக்கத்தால் கோந்து என்று பெயர் வாங்கியவன் அவன்.

கோந்து மெஷ்ஷைத் திறந்து பார்த்தான். நானூறுக்கு மேல் ஒட்டடைக்குச்சிகள். கையால் திருத்தினால் இரண்டு நாளாகும். தானாகச் சரிசெய்யும் கட்டளையைக் கொடுத்து, அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும் புள்ளிகளையெல்லாம் ஒட்டிவிடு என்றான். மூன்று நிமிடத்தில் ஒட்டடைக்குச்சி ஒன்றுகூட இல்லை. அறிக்கையில் எல்லாக் கட்டமும் பச்சை. பள்ளத்தின் விளிம்புப் புள்ளிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பள்ளமே மூடிப்போனது மட்டும் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

"அக்கா வந்து ஒரு தடவ பாத்துடட்டும் சார்" என்று கோந்து சொன்னது உண்மை. ஒரே ஒரு தடவை சொன்னான்.

"மேடம் பாத்தா என்ன, பாக்கலன்னா என்ன? எல்லாம் பச்சையா இருக்குல்ல? முத்திரை எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா?" என்றார் மேலாளர்.

தெரியும். எடுத்தான், குத்தினான்.

எஃகு வெட்டப்பட்டது. பள்ளமே இல்லாத கொக்கிக்குள் பிளாஸ்டிக் தாராளமாக ஓடும் என்று கணினி சொல்லியிருந்தது. வரைபடத்தின்படி வெட்டிய உண்மையான அச்சிலோ பள்ளம் இருந்தது. பிளாஸ்டிக் அங்கே தயங்கி நின்றது, ஆறியது, மறுபக்கமாகச் சுற்றிவந்த ஓட்டத்தைக் கொக்கியின் கழுத்தில் சந்தித்தது. இரண்டு ஓட்டங்கள் சூடாகச் சந்தித்தால் ஒட்டும். ஆறிப்போய்ச் சந்தித்தால் ஒட்டியது போல் நடிக்கும். சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்தபோது, தாங்க வேண்டிய பாரத்தில் மூன்றிலொரு பங்குக்கே கொக்கி முறிந்தது. ஒன்றல்ல, இருபதில் பதினேழு. எந்தக் குழந்தையின் மேலும் இல்லாமல் சோதனை மேசையின் மேல் முறிந்ததே, அது எங்கள் சாமர்த்தியம் அன்று. அந்தக் கொக்கியை நினைத்து இன்றும் எங்களில் இரண்டு தகப்பன்களும் ஒரு தாயும் தங்கள் குழந்தையின் இருக்கைப் பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார்கள்.

அதன்பின் நடந்ததை இந்த அவை அறியாது. அறிக்கையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டு பக்கக் குற்றக் குறிப்பு ஒன்று முக்கோணக்கா மேசைக்கு வந்தது. 'கவனக்குறைவு' என்ற சொல் அதில் நான்கு முறை. அடுத்த மாதம் வரவேண்டிய பதவி உயர்வு வராமலே போனது. குறிப்பு வந்த அன்றே அவர் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அதன்பின் நடந்ததை எங்களுக்குச் சொன்னவர், இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் கணவர். அப்போது அவருக்கு இடக்கண் அறுவை முடிந்து கட்டுப் போட்டிருந்தது.

"என்ன காகிதம் அது, படி" என்றாராம்.

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாததுக்கா ரெண்டு பக்கம்?"

தன்னைத் திட்டி எழுதிய காகிதத்தைத் தன் வாயாலேயே முழுக்கப் படித்துக் காட்டியிருக்கிறார் அவர். கேட்டு முடித்த கணவர், "நீ எனக்கு மருந்து ஊத்திக்கிட்டிருந்த நாள்ல அங்க போய் எப்படி முத்திரை குத்துன?" என்றார்.

"அதைத்தான் நானும் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"முத்திரையில தேதி இல்லையாம்."

மறுநாள் காலை வந்தார். ஒருவரையும் கேட்கவில்லை, ஒருவரையும் திட்டவில்லை. மேலறையைப் பூட்டி, சாவியைக் கழுத்திலிருந்த அடையாள அட்டையோடு மாட்டிக்கொண்டார். அன்று முதல் இன்று வரை, வாளி மூடியானாலும் சரி, அவர் கண் பார்க்காமல், அவர் கை குத்தாமல் ஒரு மெஷ்ஷும் இந்த அறையை விட்டுப் போனதில்லை. நாங்களோ பதினொரு பேரும் வாயில் கொழுக்கட்டையோடு இருந்தோம். 'பாவம் அக்கா' என்று தேநீர்க் கோப்பையைப் பார்த்துச் சொன்னோம். அந்தப் பாவத்தைச் செய்தவன் எங்கள் நடுவில்தான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அதுவும் எங்களுக்குத் தெரியும்.

வெட்கமாக இருக்கிறது அவையோரே. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருக்கிறது. முதலில் எங்கள் மேல்.

இந்த வாரத்துக்கு வருகிறோம். அதே கொக்கியில் இன்னொரு அளவு, சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு, வேலைக்கு வந்திருக்கிறது. பழைய கணினிக் கோப்பையே எடுத்து, கொஞ்சம் நீட்டி, தானாகச் சரிசெய்து, எல்லாம் பச்சையாக முக்கோணக்காவின் மேசையில் வைத்தார்கள். அவர் பச்சையைப் பார்க்கவில்லை, பள்ளத்தைத் தேடினார். பள்ளம் இல்லை. மேல்தோலும் அடித்தோலும் பொருந்தியது நூற்றுக்கு அறுபத்தொன்று. குறைந்தது எண்பத்தைந்தாவது வேண்டும். அறிக்கையில் முத்திரை குத்தாமல், குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலாளரின் அறைக்குள் தானே எடுத்துப் போனார். கதவு சாத்தியிருக்கவில்லை, எல்லோரும் கேட்டோம்.

"இதை வெட்டக்கூடாது. மெஷ்ஷ முதல்லேருந்து போடணும். நாலு நாள் ஆகும்."

"திங்கக்கிழமை எஃகு ஏத்தியாகணும் மேடம்."

"ஏத்தினா மறுபடியும் உடையும். இந்தத் தடவ மேசை மேலதான் உடையும்னு நீங்க எழுதித் தருவீங்களா?"

மேலாளர் கோபப்படவில்லை. சிரித்தார். "திங்கக்கிழமை நீங்க இருக்க மாட்டீங்களே" என்றார்.

அன்று மாலையே, அவர் மேசைக்கு மேலிருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஏறியது. 'ஓய்வு பெறும் அம்மையாரின் சேவையைப் போற்றும் வகையில், அவருடைய முத்திரை பிரிவின் மரியாதைச் சின்னமாக இங்கேயே வைக்கப்பட்டு, தொடர்ந்து பயன்படுத்தப்படும்.' படித்துப் பாருங்கள், கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் பெயரை மட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளும் வித்தையை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை. திங்கட்கிழமை அந்தக் கொக்கியின் மேல் விழப்போவது வீட்டில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்மணியின் பெயர். உடைந்தால் குற்றக் குறிப்பு இம்முறை அவருடைய வீட்டு வாசலுக்குப் போகும்.

சுற்றறிக்கை ஏறிய மறுநாள் மதியம் கோந்து அவர் மேசைக்குப் போனான். இரண்டு ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்ததைச் சொன்னான்.

"அக்கா, அன்னைக்கு அந்த முத்திரைய குத்தினது நான்தான்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்."

"யார் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? அந்த மெஷ்ஷத் தொறந்தேன், கண்ட எடத்துலயெல்லாம் ஒட்டி வெச்சிருந்துச்சு. இந்த அறையில அப்படி ஒட்டறது யாரு? அந்த வாரமே தெரியும்."

"இத்தனை நாளா ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

இப்போதுதான் திரும்பினார். "நீயா வருவேன்னு பாத்தேன். தினமும் பாத்தேன். ரெண்டு வருஷம் பாத்தேன்டா."

"மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிச்சேன்னு சொல்லி உன்னை நிம்மதியா வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்ல. எங்கிட்ட வந்து காதுல சொல்றே. என் பேரு காகிதத்துல இருக்கு. காகிதத்துல சொல்லு."

பொறுமையில் பூமி என்று எழுதினீர்களே மேலாளரே, அந்தப் பூமி அன்று அதிர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே காகிதத்தில் சொல்கிறோம். அன்று முத்திரையைக் குத்தியது கோந்துவின் கை. இப்போது இந்த மடலைப் பிடித்து உங்கள் முன் வாசித்துக்கொண்டிருப்பதும் அதே கைதான். குத்தச் சொன்னவர் மேலாளர். தெரிந்தும் வாய் மூடிக்கிடந்தவர்கள் கீழே ஒப்பமிடும் மீதிப் பத்துப் பேர். இவ்வளவையும் எழுதி, விடுப்புப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் இணைத்து, இன்று காலை பத்து மணிக்கு நிறுவன இயக்குநருக்கும், கொக்கியை வாங்கும் நிறுவனத்தின் தரப்பிரிவுக்கும் அனுப்பிவிட்டோம். ஒப்புகைச் சீட்டு எங்கள் கையில் இருக்கிறது. இனி அதை யாராலும் மேசையறைக்குள் பூட்டிவைக்க முடியாது. புதிய கொக்கியின் மெஷ்ஷை நேற்று முதல் மூன்று பேர் கையால் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பள்ளத்தை மட்டும் முடித்திருக்கிறோம். அது முழுதும் முடியும் வரை எஃகு ஏறாது. டூல்ரூம் ஃபோர்மேன் பேச்சுக் குறைந்த மனிதர், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "மெஷினு சாவி எங்கிட்ட இருக்கு. வேலை போனா போவட்டும். நான் ஏத்த மாட்டேன்."

அம்மையீர், இப்போது உங்களிடம் திரும்புகிறோம்.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் தருவார்கள். மேலாளர் வாங்கி வைத்திருக்கிறார். அதை அவரே தரட்டும். நாங்கள் தருவது வேறு. நேற்று மாலை சுற்றறிக்கையின்படி உங்களிடமிருந்து சாவியைக் கேட்டு வாங்கி, எங்களில் ஒருவரான கிடங்குப் பொறுப்பாளரிடம் கொடுத்து வைத்தார்கள். நீங்கள் அதைக் கழற்றிக் கொடுத்ததைப் பார்த்தோம். இன்று காலை அந்தச் சாவியால் மேலறையைத் திறந்து, உங்கள் முத்திரையை நாங்கள் எடுத்துவிட்டோம். திருட்டு என்று சொல்வார்களேயானால் சொல்லட்டும். உங்கள் பெயரை உங்களிடம் சேர்ப்பது திருட்டென்றால், இந்தத் திருட்டைப் பதினொரு பேரும் சேர்ந்தே செய்தோம். இதோ, இந்தச் சிறு பெட்டிக்குள் இருக்கிறது. முத்திரைக்கான மைத்திண்டையும் கூடவே வைத்திருக்கிறோம்.

முறைப்பால் எங்களை முறைப்படுத்தியவரே! முக்கோணத்தை மட்டுமன்றி முதுகெலும்பையும் நிமிர்த்தப் பார்த்தவரே! நேற்றுவரை நிமிராத எங்களை நினைத்து நித்தமும் நெஞ்சு கொதித்தவரே! உங்களை வாழ்த்தும் தகுதி எங்களுக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் ஆசை இருக்கிறது. கணவரின் இரண்டு கண்ணும் தெளிவாக இருக்க, உங்கள் கண் இன்னும் கூர்மையாக இருக்க, முட்டிவலி இல்லாமல், மருந்துப் பட்டியல் நீளாமல், மதியச் சோற்றை இரண்டு கையும் ஓய்ந்திருக்க நிதானமாக உண்டு, நூறாண்டு வாழுங்கள். எங்களை மன்னிக்க வேண்டாம். அந்தக் கோபத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்; எங்களிடம் இப்போது சொந்தமாகவே கொஞ்சம் இருக்கிறது.

இம்மடல் இரண்டு படிகளாகச் சட்டமிடப்படுகிறது. ஒன்று உங்கள் வீட்டுக்கு. மற்றொன்று மெஷ் அறையில், அந்த மேசைக்கு நேர் மேலே, சுற்றறிக்கை மாட்டிய அதே ஆணியில்.

இங்ஙனம்,
முத்திரை இன்றி, அவரவர் கையால், தேதியோடு ஒப்பமிடும் பதினொருவர்:
வடிவமைப்பாளர் கோந்து (குத்தியவன்), வடிவமைப்பாளர் மூவர், வரைபட எழுத்தர், வார்ப்பு இயந்திரம் இயக்குபவர் இருவர், தரப் பரிசோதகர், சோதனைக்கூட உதவியாளர், கிடங்குப் பொறுப்பாளர், டூல்ரூம் ஃபோர்மேன்.

சரிபார்த்தவர்:

அம்மையீர், இந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள். எங்காவது நாங்கள் பள்ளத்தை மூடியிருந்தால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்புங்கள், முதலிலிருந்து எழுதுகிறோம். எல்லாம் சரியென்று உங்கள் கண்ணுக்குப் பட்டால் மட்டும், உங்கள் கையால் குத்துங்கள்.